திரும்பும், கிளம்பாது

இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே, கை விரித்தால் சுவர் இடிக்கும் கடை. உள்ளே சாவி வெட்டும் இயந்திரமும் ஒரு ஸ்டூலும் அவளும்தான். கார் சாவியைத் தொலைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்பார்கள்.

"நான் என்ன பொம்மையா? எந்த வண்டி, சொல்லுங்க" என்பாள் அவள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் சாவிக்கா.

கணவன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன தொழில் அது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிலேயே ஒருவர், கிளம்புகிற நேரத்தில் தயங்கித் தயங்கி ஒரு பைக் சாவியை நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நகல் வெட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு எடுத்த அரத்தை அவள் கீழே வைக்கவே இல்லை.

கார் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில். சரியான சாவி போனால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து வழிவிடும். சாவியே இல்லாதபோது அவள் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து, எந்தத் தகடு எவ்வளவு தூக்கினால் அடங்குகிறது என்று விரல் நுனியால் அறிந்து, அந்த அளவுக்குப் புதுச் சாவி வெட்டுவாள். ஊரார் பூட்டெல்லாம் அவள் கைக்கு அடங்கியது. அப்பாவின் மனசுக்குள் விழுந்த பூட்டுதான் எந்தக் கம்பிக்கும் அசையவில்லை.

அப்பா வாழ்நாள் முழுக்க வாடகைக் கார் ஓட்டியவர். மறதி மெல்ல மெல்ல வந்து, முதலில் தெருப் பெயர்களைத் தின்றது; பிறகு மனிதர்களை. ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு போய் எங்கோ ஒரு மதில் சுவரில் முட்டி நிறுத்தினார். ஆத்திரத்தில் அண்ணன் சாவியைப் பிடுங்கி ஆற்றில் வீசிவிட்டான்.

அதன்பிறகு அப்பா வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காருக்குள்ளேயே குடியிருந்தார். ஸ்பூன், கொண்டை ஊசி, அவளுடைய பல் துலக்கும் பிரஷ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சாவித் துளையில் விட்டுத் திருப்பிப் பார்ப்பார். காரை விட்டு அவர் நகராததால்தான் அவளால் கடைக்குப் போக முடிந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியே ஒரு கண் வைத்திருப்பாள்.

ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அப்பாவின் உள்ளங்கை கிழிந்த அன்று அண்ணன் வந்து நின்றான்.

"முதியோர் இல்லத்துல இடம் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணா, அங்க போனா அவரு ஏங்கியே செத்துருவாரு."

"இங்க இருந்தா குத்திக்கிட்டுச் சாவாரு. நீ கடையைப் பாப்பியா, இவரைப் பாப்பியா?"

"பூட்டை நோண்டுறதை நிறுத்திட்டாருன்னா விட்டுருவியா?"

"நிறுத்திக் காட்டு. அப்புறம் பேசு."

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அந்தக் கார்ச் சாவியின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். சிப் இல்லாத சாவி பூட்டைத் திருப்பும், விளக்குகள் எரியும், ஆனால் என்ஜின் பிடிக்காது. அப்படி ஒரு சாவியைக் கொடுத்தால், திருப்பிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பாரே!

சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அவள். பக்கத்து இருக்கையில் அப்பா, கட்டுப்போட்ட கையோடு.

"யாரும்மா நீங்க? திருட வரலையே?"

"உங்க வண்டியைத்தான் திருட வந்தேன். சத்தம் போடாதீங்க."

அப்பா குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! உடைந்த கொண்டை ஊசித் துண்டை வெளியே எடுத்தாள். கம்பியை விட்டாள். ஒவ்வொரு தகடும் தேய்ந்து தளர்ந்திருந்தது. தேய்மானத்தைக் கழித்து, கம்பெனியில் வெட்டியது போலவே அச்சு அசலாகச் சாவி வெட்டி வந்தாள். போட்டுத் திருப்பினாள். பூட்டு வழுக்கிக்கொண்டு திரும்பியது.

இடம் மாறி உட்கார்ந்த அப்பா ஒரு தடவை திருப்பினார். முகம் கறுத்தது. சாவியை உருவி வீசினார்.

"இது என் சாவி இல்ல! என் வண்டிக்கு ஒரு பிடி இருக்கு. லேசா மேல தூக்கி, ஒரு இழை வெளிய இழுத்துட்டுத்தான் திருப்பணும். எவனோ பூட்டை மாத்திட்டான்!"

அவள் குனிந்து சாவியைத் தேடி எடுத்தாள். பெற்ற மகளை மறந்த மனிதர், சாவியின் பிடியை மறக்கவில்லை. பூட்டோடு சேர்ந்து தேய்ந்த பழைய சாவிதான் அவருடைய சாவி. குறையே இல்லாமல் வெட்டியதுதான் அவள் செய்த குற்றம்.

எந்த வாடிக்கையாளருக்கும் அப்படி ஒரு சாவியை அவள் கொடுத்ததில்லை. அரத்தை எடுத்துத் தன் கையால் வெட்டியதைத் தானே கெடுத்தாள். பள்ளங்களின் விளிம்பை மழுக்கினாள். போட்டுப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். வெயில் சாயத் தொடங்கியபோது, தூக்கி இழுத்தால் மட்டும் திரும்புகிற ஒரு மோசமான சாவி தயாரானது.

அப்பா தூக்கினார். இழுத்தார். திருப்பினார். விளக்குகள் எரிந்தன. அவர் முகமும்தான்.

"இதாம்மா! இதான் என் சாவி!"

என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். இனி நாளெல்லாம் இப்படியே இருப்பார், கையில் காயம் இருக்காது, அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடலாம்...

அப்பா சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

"எங்கப்பா போறீங்க?"

"ஸ்கூல் விடுற நேரம்மா. பொண்ணு கேட்டுல நிப்பா. வண்டி படுத்துருச்சு. நடந்தே போயிடுறேன்."

இத்தனை நாளும் அவர் கை கிழியக் கிழியப் பூட்டை நோண்டியது இதற்காகவா? பூட்டு திறக்காதவரை அவர் காரோடு கட்டுண்டு கிடந்தார். அந்தக் கட்டை அவளே அவிழ்த்துவிட்டாள்! இனி எந்த நாளும் இந்த நேரத்துக்கு அவர் தெருவில் இறங்குவார். தையல்காரியின் ஒரு கண் அவரை எப்படித் தடுக்கும்?

பேருந்துகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தவரின் பின்னால் ஓடினாள். அவள் படித்த பள்ளி சாலைத் திருப்பத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை. கேட் பூட்டியிருந்தது. அப்பா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"லேட்டாயிடுச்சே... அழுதிருப்பாளே..."

"அப்பா, நான்தாம்ப்பா. இங்க பாருங்க. நான்தான் உங்க பொண்ணு."

அவர் மரியாதையாகச் சிரித்தார். "வயசான ஆளுகிட்ட விளையாடாதீங்கம்மா. எம் பொண்ணு ரெட்டை ஜடை போட்டிருப்பா."

அவள் திரும்பி நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வா அண்ணா. துணியெல்லாம் எடுத்து வெக்கிறேன்." போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அழறீங்க? போன்ல யாரு?"

"எங்கண்ணன்."

"அண்ணன் இருக்காரா? அப்புறம் எதுக்கு அழுகை?" என்றவர், சட்டென்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அட, எம் பொண்ணுக்கும் ஒரு அண்ணன் இருக்கானே! அவன்தான் வந்து கூட்டிட்டுப் போயிருப்பான். நான் ஒரு கிறுக்கன்."

அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"வாங்கம்மா, தனியா நிக்காதீங்க. உங்களை வீட்ல விட்டுட்டுப் போறேன். எந்தத் தெரு?"

அவள் சொன்னாள்.

"அட, எங்க தெருதான்" என்றார் அப்பா.