விழப்போகிற பல்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளுக்குத் தகப்பன் செல்போனுக்குள்தான் இருக்கிறான். நானும் அப்படித்தான் இருந்தேன். மகள் பிறந்த இரண்டாம் மாதமே குவைத்துக்குப் பறந்துவிட்டேன். அவள் நடக்கப் பழகியதையும் பேசப் பழகியதையும் வீடியோ காலில்தான் பார்த்தேன்.

தூக்கிக் கொஞ்ச முடியாத பிள்ளைக்கு வேறென்ன செய்வது? சாக்லேட் அனுப்பினேன். ஊருக்குப் போகிறவர் எவர் பெட்டி கட்டினாலும், கெஞ்சிக் கூத்தாடி அதில் இரண்டு கிலோவைத் திணித்துவிடுவேன். அதோடு விட்டேனா? வேலை முடிந்து போன் போட்டதும், அவள் அதைத் தின்பதை என் கண்ணால் பார்த்தாக வேண்டும். "வாயத் தொறம்மா, அத்தா பாக்கணும்" என்பேன். அவளும் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஆவென்று காட்டுவாள். வாய்கூடக் கொப்பளிக்காமல் அப்படியே தூங்கிப்போவாள். நான் நல்ல தகப்பன் என்ற நினைப்போடு படுக்கப் போவேன்.

அவளுக்கு நாலு வயதானபோது மனைவி ஒருநாள் வீடியோ காலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"என்னங்க, கடவாப்பல்லு கருப்படிச்சிருக்கு. சாக்லேட்டயெல்லாம் பீரோ மேல ஏத்தி வச்சிட்டேன். பெரம்பலூர் போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடவா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பால்பல்லுதானடி? எப்படியும் விழப்போறது. விழுந்தா மொளச்சிடும். நான் இங்க வெயில்ல வெந்து அனுப்புறேன், நீ பீரோ மேல ஏத்துறியா? எறக்கு மொதல்ல!"

பிள்ளை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. சாக்லேட் இறங்கியது. பிறகு மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது, மகள் கன்னம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாள். தூக்கிக்கொண்டு பெரம்பலூர் ஓடினோம். டாக்டரம்மா விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தார். நாலு கடவாய்ப்பற்களைப் பிடுங்க வேண்டும் என்றார். பிள்ளையின் இரண்டு கையையும் நான்தான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அலறலைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. "பால்பல்லுதானேங்க டாக்டர்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடவாப் பால்பல்லு பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும் சார். அடியில வளர்ற பல்லுக்கு அதுதான் எடம் புடிச்சு வைக்குது. இப்ப எடுத்துட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து எடத்த அடைச்சிடும். கம்பி ஒண்ணு மாட்டி எடத்தக் காப்பாத்தலாம். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் என் மச்சான் வீட்டுக் கல்யாணம். அதற்கடுத்த வாரம் எனக்கு விமானம். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அடுத்த லீவு வர இரண்டரை வருடமானது. அதற்குள் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடமெல்லாம் அடைந்துபோயிருந்தது.

இப்போது ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. கீழ்ப்பல் ஒன்று நாக்கைப் பார்த்து உள்ளே முளைத்திருக்கிறது. சிங்கப்பல் இரண்டும் ஈறின் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சிரிப்பு வந்தால் துப்பட்டாவை எடுத்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவள் சிரித்து நான் நேரில் பார்த்ததே இல்லை. பதின்மூன்று வருடம் வெயிலில் வெந்தது இதற்குத்தானா என்று என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

போன பெருநாளன்று புதுத்துணியில் அவளை நிறுத்திப் படம் எடுக்கப் போனேன். வழக்கம்போல உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பழைய வார்த்தை என் வாயில் தானாக வந்துவிட்டது.

"வாயத் தொறந்து சிரிம்மா, அத்தா பாக்கணும்."

அவள் கோபப்படவில்லை.

"நீங்கதானத்தா சொன்னீங்க, விழுந்தா மொளச்சிடும்னு. மொளச்சிருக்கு, பாருங்க."

சின்னப் பிள்ளையில் காட்டியதுபோலவே போனுக்கு நேராக ஆவென்று வாயைத் திறந்து காட்டினாள். நான்தான் போனை இறக்கினேன்.