தாய்லாந்துப் பேயும் எங்கள் வீட்டு அடைப்பு அறையும்

பேய்ப்படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அந்நேரத்தில் நாகல் நகர் வீதியில் ஆட்டோக்கள் போடுகிற சத்தத்துக்கு எந்தப் பேயும் பக்கத்தில் வராது என்பது என் மனைவியின் நம்பிக்கை.

அன்று பார்த்தது நான்கு தனிக்கதைகளைக் கோத்த ஒரு தாய்லாந்துப் படம். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போக, அவள் அவரைக்காய் நறுக்கியபடி கேட்டாள். தொலைக்காட்சிக்கு எதிரே பூட்டிய அறை. அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவோம். எங்களோடு இருந்த அவளுடைய அக்கா அந்த அறையில்தான் இறந்தார். இறந்த நட்சத்திரம் அடைப்பு, ஆறு மாதம் கதவைத் திறக்கக் கூடாது என்றார்கள். தாலுகா அலுவலகப் பணிக்காலத்தில் எத்தனையோ கட்டடங்களுக்கு முத்திரை வைத்திருக்கிறேன். நட்சத்திரத்தின் உத்தரவில் பூட்டியது இது ஒன்றுதான். கெடு முடிந்தும் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அக்காவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

முதல் கதை அருமை. பேய் வரவே இல்லை. அதற்கு வைத்த சோறு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நம் படமாக இருந்தால் அதற்குள் ஒரு மந்திரவாதி வந்து இறங்கியிருப்பார். இரண்டாவது மட்டம். லிஃப்டுக்குள் ஒரு பேய். யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது, ஒரு முகாந்திரமும் கிடையாது. காரணம் காட்டாத நடவடிக்கை செல்லாது. பேய்க்கும் இதுதான் விதி.

மூன்றாவதில், இறந்த பெண்ணின் அறையைக் குடும்பத்தார் பூட்டுகிறார்கள். உள்ளிருந்து தட்டும் சத்தம். பயந்து இன்னொரு பூட்டுப் போடுகிறார்கள். தட்டல் கூடக் கூடப் பூட்டும் கூடுகிறது. கடைசிவரை பேயின் முகத்தைக் காட்டாத அந்த இயக்குநருக்குக் கை கொடுக்கலாம். நானோ பாதியில் வாசிப்பதை விட்டுவிட்டேன்.

"நிறுத்தட்டுமா?"

"எதுக்கு? பூட்டி வச்சா தட்டாம என்ன செய்வா, பாவம்?" என்றாள். அவரைக்காய் நறுக்கிய கத்தி நின்றுவிட்டது. "எங்க அக்கா கக்கூசுக்குப் போனாக்கூடத் தாழ்ப்பாள் போட மாட்டா. ஏங்க, சாவி எங்க?"

"நல்ல நாள் கேட்டுட்டு..."

"அடைப்பெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஊரெல்லாம் பேசுனீங்க. இப்ப நாள் பாக்குறீங்களாக்கும்! செத்த நேரம் சும்மா இருங்க."

மேல்நடவடிக்கை தேவையில்லாத சாமான்களோடு என் மேசை இழுப்பறையில் கிடந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவளே திறந்தாள். பாச்சை உருண்டை வாசம். ஜன்னலைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இம்புட்டுத் தூசியிலயா அக்கா கெடந்த?" என்று சொல்லி அழுதாள். நான் கூடத்திலேயே நின்றேன்.

நான்காவது கதையை அந்தக் கட்டிலில் இருந்தபடி பார்த்தோம். கதவு திறந்தால் தொலைக்காட்சி நேராகத் தெரிகிறது. அக்கா படுத்தபடியே நாடகம் பார்த்தது அப்படித்தானாம். மூன்றாவதைத் தாண்ட வழி தெரியாமல் இதில் ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டியிருந்தார்கள்.

"அக்கா இருந்திருந்தா இந்நேரம் சேனல மாத்தச் சொல்லியிருப்பா," என்றாள் அவள்.