மணி அடித்தால் மைதானம்

என் வீட்டுக்காரி ஜெஸ்லின் வாத்தியார்களுக்கு வாத்தியார். அப்படி ஒரு வேலை இருப்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு டீச்சர் பாடம் நடத்துகிற மாதிரி, அந்த டீச்சர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் இவள் பயிற்சி கொடுக்கிறாள். ஆசிரியர் பயிற்றுநர் என்று பெயர். நான் திசையன்விளையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, மாமா கடையில் பொட்டலம் மடிக்க எண்ணூருக்கு வந்தவன். இப்போது அந்த மளிகைக் கடை என் பொறுப்பில் இருக்கிறது. இப்படிப்பட்டவனுக்கு அப்படி ஒருத்தியைக் கர்த்தர் கொடுத்தார். அவர் கணக்கு நமக்குப் புரியாது.

அவள் புதிதாக எந்தப் பாடம் தயார் செய்தாலும் முதலில் கடைக்குத்தான் வருவாள். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கு நடத்திக் காட்டுவாள்.

"அத்தான், அஞ்சாங்கிளாஸ் படிச்ச உங்களுக்குப் புரிஞ்சிட்டுன்னா எந்த டீச்சருக்கும் புரிஞ்சிரும்" என்பாள்.

"அப்ப எனக்கும் சம்பளத்துல பாதி தரணும்லா."

"சோறு போடுறேன்லா, பேசாம கேளுங்க."

போன வருஷம் அப்படித்தான் ஒரு பாதுகாப்புப் பாடம் வந்தது. பள்ளியில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். மணியை விடாமல் அடிக்க வேண்டும், பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும், ஒரு கை தூரம் விட்டு நிற்க வேண்டும், டீச்சர் சொல்லும்வரை அசையக் கூடாது. இவ்வளவுதான். இதை வீடியோவாக எடுத்து எல்லா வாத்தியார் போனுக்கும் அனுப்புகிற வேலை ஜெஸ்லினுக்கு வந்தது.

எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கழிமுகத்தை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் படிப்பது அங்கேதான். அங்கே வைத்துப் படம் பிடித்தார்கள். தலைமை ஆசிரியர் பொன்னுரங்கம் அதே குப்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். சொன்ன சொல் தட்டாத மனுஷர். அந்த மைதானத்துக்கு ஒரு பக்கம் பெரிய மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. படம் எடுக்கும்போது மதில் ஓரம் தண்ணீர் கசிந்து பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அது யாருக்கும் கெட்டதாகத் தோன்றவில்லை.

கடைசியில் ஜெஸ்லின் தன் வாயால் ஒரு வரி சேர்த்தாள். மேலிடத்துப் பாடத்தில் அது கிடையாது. "எந்த ஆபத்தானாலும் சரி, மணி அடித்தால் மைதானம்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பல பாடம் சொன்னால் குழம்பும், ஒரே பாடமாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்பது அவள் எண்ணம். என்னிடமும் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றுதான் நான் சொன்னேன்.

அந்த வரி தீயாய்ப் பரவியது. மீன் விற்கிற அங்கம்மாவின் மகள் பவானி அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கடைக்கு வந்தால் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே குதிப்பாள்.

"இன்னா அண்ணாச்சி, உன் வூட்டுக்காரம்மா இன்னா மந்திரம் போட்டுச்சு? தூக்கத்துல கூட மணி மைதானம்னு பொலம்பிகினு கீது" என்பாள் அங்கம்மா.

"படிப்புல சேத்திதானே."

"அத்த வுடு. வாய்ப்பாடு சொல்லச் சொன்னா வாயே தொறக்க மாட்டேங்குது."

பாதுகாப்பு ஒத்திகையில் பொன்னுரங்கம் பள்ளிக்கு முதல் பரிசு கிடைத்தது. மணி அடித்த மறு நிமிஷம் மைதானத்தில் பிள்ளைகள் நட்ட கம்பு மாதிரி நிற்பார்களாம். பரிசுக் கேடயத்தைத் தன் மேசைக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டார்.

எண்ணூர் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்தாலும், ஏதாவது கம்பெனி வாடை வந்தாலும், யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். சன்னலைச் சாத்துவார்கள். பழைய புடவையையோ லுங்கியையோ நனைத்து இடுக்கில் திணிப்பார்கள். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று மாறும்வரை உள்ளேயே இருப்பார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை கூட வாடை வந்தால் துண்டைத் தேடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போயிருந்தோம். கோயில் வாசலில் நிற்கும்போதே மூக்கைக் குத்துகிற வாடை வந்தது. தெருவில் வரிசையாகச் சன்னல்களைச் சாத்தினார்கள். அந்த நேரம் பார்த்து ஆராதனைக்கு மணி அடித்தது.

சாத்திய வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கோயிலுக்கு எதிரே இருந்த காலி இடத்தில் வந்து வரிசையாக நின்றார்கள். ஒரு கை தூரம் விட்டு. பவானி முன்னால் நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிய இருமினாள், ஆனால் அசையவில்லை. பெற்றவர்கள் பின்னாலேயே வந்து திட்டிக்கொண்டே இழுத்துப் போனார்கள். பார்த்த சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

நான் ஜெஸ்லினைப் பார்த்தேன். அவள் பைபிளை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். கோயிலுக்குள் வரவில்லை.

"அத்தான், தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "தீக்குத்தான் வெளிய வரணும். காத்துல விஷம் வந்தா வெளிய வரக் கூடாது. வீட்டுல பிள்ளைங்க சரியாத்தான் பழகியிருந்துச்சுவோ. நான்தான் அதை அழிச்சுட்டேன்."

மறுநாளே ஆபீசில் போய்ச் சொன்னாள். போன வீடியோவைத் திரும்ப வாங்க முடியாது, அது எத்தனை போனுக்குப் போனதோ யாருக்குத் தெரியும் என்றார்கள். புதிதாக ஒன்று அனுப்ப வேண்டுமானால் மேலே ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பேரிலும் குற்றமில்லை. ஒவ்வொருத்தரும் தன் இஷ்டத்துக்குப் பாடம் அனுப்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் பயம்.

அப்போதிலிருந்து அவளுக்கு உறக்கம் குறைந்தது. மாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பள்ளி பள்ளியாகப் போவாள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது முதுகில் அவள் ஜெபிக்கிற முணுமுணுப்பு கேட்கும். சில பள்ளிகளில் உடனே கேட்டுக்கொண்டார்கள். பொன்னுரங்கம் மட்டும் கேடயத்தைப் பார்த்தார்.

"மேடம், பசங்களுக்கு இப்பத்தான் ஒண்ணு மண்டையில ஏறிகீது. அத்த மாத்துனா ரெண்டுமே மறந்துபூடும்."

"சார், பக்கத்துலயே ஐஸ் கம்பெனி இருக்கு. அதுல ஓடுறது அமோனியா. அது கசிஞ்சு, காத்து இந்தப் பக்கம் திரும்பினா மைதானம்தான் முதல்ல."

அவர் கேடயத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி மேடம். ஆனா முறையா ஒரு பயிற்சி வைங்க. நா முன்னாடி பெஞ்சுல குந்தினு எழுதிக்கிறேன். டீச்சருங்களுக்கு நா சொன்னா எடுபடாது, பயிற்சியில சொன்னாங்கன்னா எடுபடும்" என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. ஜெஸ்லின் ஆபீஸ் படி ஏறி ஏறி, தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டாள். அன்று அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். ஈரத் துணி, சாத்திய கதவு, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க கம்பத்தில் ஒரு துணி, இதையெல்லாம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எனக்கு நடத்திக் காட்டினாள். புரிந்தது என்றேன்.

பயிற்சிக்குப் போகும்போது கடையிலிருந்து ஒரு காலி பிஸ்கட் அட்டைப்பெட்டி கேட்டாள். அவள் வகுப்பில் அது ஒரு சட்டம். வருகிறவர்கள் போனை வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். இல்லையென்றால் பயிற்சி நடக்கும்போது எல்லோரும் போனைத்தான் பார்ப்பார்கள் என்பாள். நானே ஒரு பெட்டியைத் தட்டித் துடைத்துக் கொடுத்தேன்.

அன்று வெயில் ஏறிய பிறகு அங்கம்மா மீன் கூடையோடு வந்து நிழலில் உட்கார்ந்தாள். சோடா கேட்டாள். மூடியைத் திறக்கும்போதே எனக்கு அந்தக் கம்பெனி வாடை மூக்கில் ஏறியது. அவள் முந்தானையைச் சோடாவில் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணாச்சி இது, கண்ணு பிச்சுகினு போவுது."

எதிர் வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டிலும். கடைக்கு முன்னால் கட்டியிருந்த ஷாம்பு சரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து காற்று பள்ளியை நோக்கிப் போனது.

அப்போது மணி கேட்டது. விடாமல் அடிக்கிற மணி.

நான் ஜெஸ்லினுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பொன்னுரங்கத்துக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. பிறகுதான் அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அங்கம்மா எனக்கு முன்னால் ஓடினாள். அவள் கூடை தெருவிலேயே கிடந்தது.

மைதானத்தில் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு கை தூரம் விட்டு. மதிலுக்கு மேலே பனி மாதிரி வெள்ளையாக ஏதோ வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. சின்னது சின்னதாக இருமல் சத்தம் மட்டும். தலைமை ஆசிரியர் இல்லாத அன்று பள்ளியைப் பார்த்துக்கொண்டது ரெஜினா டீச்சர். வேலைக்குப் புதுசு. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கடைசிப் பிள்ளையை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். போனில் என் ஜெஸ்லின் குரல். எந்த ஆபத்தானாலும் சரி.

"உள்ள போங்க. கதவைச் சாத்துங்க, டீச்சர்" என்று கத்தினேன். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்கள்.

"வீடியோல மைதானம்னு..." என்றாள் அவள். கண் திறக்க முடியவில்லை அவளுக்கு.

"நான் அந்த அம்மாவோட வீட்டுக்காரன். அவதான் மாத்தச் சொன்னா" என்றேன்.

அங்கம்மா எதையும் கேட்கவில்லை. பவானியைத் தூக்கித் தோளில் போட்டாள். பவானி அம்மாவை அடித்தாள். "டீச்சர் சொல்லல, டீச்சர் சொல்லல" என்று திமிறினாள். அதைப் பார்த்த பிறகுதான் ரெஜினா "உள்ள போங்க" என்றாள். சொன்ன உடனே பிள்ளைகள் வரிசை கலையாமல் உள்ளே போனார்கள். குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் துணிகளை நனைத்து, கதவிடுக்கில் திணித்து, பிள்ளைகள் மூக்கில் கட்டினோம். காற்று மாறியதும் ஆட்டோக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கர்த்தர் கிருபை, ஒரு உயிரும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ரெஜினாதான் கடைசியாக வீடு திரும்பினாள். மற்றப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பவானிக்குக் குரல் மட்டும் பழையபடி வரவில்லை, கரகரவென்று இருக்கிறது.

ஜெஸ்லின் அங்கம்மா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கம்மா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"உம் மேல தப்பு இன்னா கீது, சொல்லு. நீ நல்லதுதான் சொன்ன" என்றாள். பிறகு, "எம் பொண்ணு உன் பேச்ச கேட்டுகினு நின்னுச்சு பாரு. எம் பேச்ச ஒரு நாள் கேட்டதில்ல" என்றாள்.

ஜெஸ்லின் தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தாள்.

பொன்னுரங்கம் கேடயத்தைக் கழற்றிவிட்டார். மணியையும் கழற்றிவிட்டார். புதுப் பாடத்துக்கு ஒப்புதல் வந்து, புது வீடியோவும் போய்விட்டது. அது கொஞ்சம் நீளம். காற்று, துணி, கதவு என்று பல விஷயம் அதில் இருக்கிறது.

லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகு, வள்ளூர்ப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த ஒரு இளம் டீச்சர் பிஸ்கட் வாங்கக் கடைக்கு வந்தது. போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றது. பழகின குரலாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அதே மைதானம். அதே சிரிப்பு.

"யாரும்மா அனுப்பினா?"

"எங்க குரூப்ல எல்லாரும் இதத்தான் அனுப்புறாங்க அண்ணாச்சி. புதுசு ஒண்ணு கீது, இழுவை. இது நச்சுன்னு கீது. பசங்க ஒரே நாள்ல கத்துக்கிச்சுங்க."

அந்தப் பெண்ணுக்கு நான் எனக்குத் தெரிந்தவரை எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டியது. நம்பியதா தெரியவில்லை, நான் மளிகைக் கடைக்காரன்தானே.

ஜெஸ்லின் வந்ததும் சொன்னேன். அவள் உடனே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். இப்போது எந்தப் பள்ளி, எந்தப் பள்ளிக்குப் பின்னால் எந்தக் கம்பெனி மதில் என்று எங்களுக்கு மனப்பாடம். ஒரு பள்ளியில் சொல்லி முடிப்பதற்குள் வேறு இரண்டு பள்ளிக்கு அந்தப் பழையது போய்விடுகிறது. இன்றைக்குக் காலையில் தெற்கேயிருந்து லேசாக அந்த வாடை வந்தது. கடை வாசலில் ஷாம்பு சரங்கள் வள்ளூர்ப் பக்கம் சாய்ந்திருந்தன. ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்னால், மணி எதுவும் கேட்கிறதா என்று இரண்டு பேரும் நின்று காது கொடுத்தோம்.