மெசினுக்கு மேல் பாடியவர்கள்

போன ஞாயிறு, ஆராதனையில் பாடிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பனியன் கம்பெனி மெசின் இரைய ஆரம்பித்தது. புதுப் போதகர் பாட்டை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். எனக்கோ பழைய மெசின் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது.

அறுபதுகளில் எங்கள் மெதடிஸ்ட் சபைக்குக் கோயில் இல்லை. அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஞாயிறு மெசின்கள் நிற்கும் நேரம், துணிமூட்டைகள்மேல் உட்கார்ந்து ஜெபிப்போம். ஒரு ஞாயிறு அவசர ஆர்டர் என்று முதலாளி மெசினை ஓடவிட்டார். தட்டிக் கேட்டால் இடமே போய்விடும்.

"இன்னைக்குக் கலைஞ்சுக்கலாங்க" என்றார் அன்றைய போதகர்.

"கலைஞ்சா மறுபடி சேரமாட்டோமுங்க ஐயா. அது ஓடட்டுங்க, நாம அதுக்கு மேல பாடலாமுங்க" என்றாள் அம்மா.

தொண்டை கட்டும்வரை பாடினோம். பிறகும் இந்தக் கோயில் எழும்பும்வரை, மெசின் ஓடிய ஞாயிறெல்லாம் அப்படித்தான் பாடினோம்.

புதுப் போதகருக்கு இது தெரியாது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து அன்று பாடியவர்களில் மிஞ்சிய கிழவிகள் நாங்கள் நாலு பேர் அடுத்த சரணத்தை எடுத்தோம், மெசினுக்கு மேல்.