டேலியாவுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் தங்கச்சிமடத்து வீட்டில் தென்னை இருந்தது, முருங்கை இருந்தது, கோழி கிளறாத மூலையில் கொஞ்சம் கீரையும் இருந்தது. பூவுக்கென்றே ஒரு செடியை வைத்து அதற்குத் தண்ணீரும் ஊற்றலாம் என்பதை எங்களுக்குக் காட்டியவள் அத்தை. அய்யாவின் தங்கை. கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவின் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பல வருஷமாகியும் பிள்ளை இல்லையென்று மாமா வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அத்தை ஒரு தகரப் பெட்டியும் ஒரு சாக்குப் பையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். என் கண்ணில் பட்டது சாக்குப் பை மட்டும்தான்.

பைக்குள் கிழங்கு இருந்தது. சர்க்கரைவள்ளி என்று அம்மா பானையை எடுக்கப் போனாள். “இது திங்குற கிழங்கு இல்ல மதினி, டேலியா” என்று அத்தை பையை வாங்கிக்கொண்டாள். தின்ன முடியாத கிழங்கை மலையிலிருந்து சுமந்து வந்தவளை அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

ஐப்பசி மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்ததும் அத்தை வீட்டுக்குப் பின்னால் மணலைக் கிளறி, ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் கலந்து, கிழங்குகளை முளை மேலே பார்க்க நட்டாள். ஆடு நுழையாமல் சுற்றிலும் பனைமட்டை வேலி. எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும், அய்யா உதவி செய்யாமல் இருந்திருந்தால். தென்னைக்கு மீன் கழிவு புதைப்பது எங்கள் ஊர் வழக்கம். தங்கச்சி வைத்த செடிக்குத் தன் பங்காக எதையாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு கூடை சாளைத் தலையைக் கொண்டுவந்து, யாரிடமும் சொல்லாமல் பாத்தி முழுக்கப் புதைத்துவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் தெருநாய்கள் அத்தனையும் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்து, மீன் தலையோடு கிழங்கையும் கடித்துத் துப்பியிருந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. அய்யா தலையைச் சொறிந்தார். “போகுதுண்ணே, ஒண்ணு இருக்குல்ல” என்றாள் அத்தை.

அந்த ஒன்றை வளர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். பாத்திரம் கழுவத்தான் ஆகும். நல்ல தண்ணீருக்குப் பனந்தோப்பில் மணலைத் தோண்டிய ஊற்றுக்குப் போய்ச் சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்ப வேண்டும். மழை இல்லாத நாட்களில் டேலியாவுக்கும் அதே தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரைப் பூவுக்கு ஊற்றுகிறார்களே என்று அம்மா முணுமுணுத்தாள். சுமந்தவள் நான். உவரா, நல்லதா என்று ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஊற்ற விடுவாள் அத்தை. எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

செடி என் இடுப்புக்கு வளர்ந்தது. குச்சி ஊன்றிப் பழைய வலைக்கயிற்றால் கட்டினாள். கார்த்திகை கடைசியில் மொட்டு விட்டது. “நடுமொட்ட மட்டும் விட்டுட்டுப் பக்கத்து மொட்டெல்லாம் கிள்ளிறணும். சத்து பூரா அதுக்கே போயி, தட்டுத் தண்டி பூக்கும் பாரு” என்றாள். இது போதாதா எனக்கு. பள்ளிக்கூடத்தில் தம்பட்டம் அடித்துவிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயில் குடிலில் குழந்தை இயேசுவின் காலடியில் வைக்கப்போகும் பூ எங்கள் வீட்டுப் பூ, சோற்றுத் தட்டு அகலம் என்று.

அம்மா அப்போது நிறைமாதம். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக இருந்தார்கள். அதனால் இந்த வயிற்றை வீடே பொத்திப் பொத்திப் பார்த்தது. கனத்ததைத் தூக்குவது, குடத்தைச் சுமப்பது எதுவும் அம்மாவுக்குக் கிடையாது. அடுப்படி முழுக்க அத்தை கையில்தான்.

அத்தை முதல் கிளையில் மொட்டுக் கிள்ளிக்கொண்டிருந்த நேரம், அம்மா புழக்கடைப் பக்கம் வந்தாள். மணலில் பச்சைப் பச்சையாக மொட்டுகள் கிடந்தன. அம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“இந்த வீட்டுல இப்பக் கிள்ளுற வேலை வேண்டாம். இந்தப் பிள்ளை நல்லபடியாப் பெறக்கட்டும். பெறகு நீ என்ன வேணும்னாலும் செய்துக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். அத்தை “சரி மதினி” என்று மட்டும் சொல்லி, கீழே கிடந்த மொட்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவுக்குப் பூவைக் கண்டாலே பொறாமை என்று முடிவு கட்டினேன். மறுநாள் அம்மா தூங்கும் நேரம் பார்த்து, “நான் கிள்ளட்டுமா அத்தை?” என்று கையை நீட்டினேன். ஒருநாளும் என்னை அதட்டாதவள், மணிக்கட்டை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள்.

“நீ கிள்ளுனாலும் அது நான் கிள்ளுனதாத்தாண்டி ஆகும்.”

செடி அவளுடையது, பெயரும் அவளுக்குத்தான் போகும் என்கிறாளாக்கும், பெருமைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவள் செடிப் பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே போவாள். மொட்டுகள் இஷ்டத்துக்குத் திரண்டன.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் தம்பி பிறந்தான். பிறந்ததும் அழுதான். அம்மாவும் அழுதாள், அய்யாவும் அழுதார். அத்தை மட்டும் அழாமல் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அதே வாரத்தில் செடி பூத்தது. சிவப்பும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு நிறம். செடி நிறையப் பூ, ஆனால் ஒவ்வொன்றும் குட்டி. குடிலில் கொண்டுபோய் வைத்தேன். தட்டு எங்கே என்று பிள்ளைகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட்டுவிட்டு அய்யா புழக்கடைக்குப் போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வந்தார். மொட்டுச் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நானும் அத்தையும் அங்கேதான் இருந்தோம்.

“ஏ புள்ள, தட்டுத் தண்டி பூக்கும்னு சொன்னியே. வளையல் தண்டிகூட இல்லையே.”

அத்தை அம்மா பக்கம் திரும்பவில்லை. “இங்கன தண்ணி உப்புண்ணே. அதான்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு குடத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்துச் சுமந்தவள் நான். அது நல்ல தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா தம்பியைத் தூக்கினாள். பிறந்ததிலிருந்து அம்மா அவனை அய்யாவிடம் தவிர வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. அவனைக் கொண்டுபோய் அத்தை மடியில் வைத்துவிட்டு, “ஆமா, தண்ணி உப்புத்தான்” என்றாள். அத்தை அப்போதுதான் அழுதாள்.

பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நாக்குக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். கோரி வாயில் வைத்துப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது.