மழையில் மட்டும் கத்திய பிக்கப்

அத்தான் வெளிநாடு போனபோது பிக்கப்பின் சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் அண்ணைக்கு அந்தச் சாவியில் ஒரு கண்.

அக்கா லைசென்ஸ் எடுத்தாள். தொண்டைமானாற்றுக் கரையில் மீனையும் ஐஸையும் ஏற்றி நெல்லியடிச் சந்தையில் இறக்கத் தொடங்கினாள். முன்னுக்கு ஓடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் பம்பரில் பொத்தான்போல் பதித்திருந்த நாலு சென்சரையும் நம்பினாள். பின்னால் ஏதாவது கிட்ட வந்தால் உள்ளே ‘டிக், டிக்’ என்று கேட்கும். மிகக் கிட்ட வந்தால் நிறுத்தாமல் கூவும்.

மாரி தொடங்கியதும் சென்சருக்குப் பேய் பிடித்தது. வெயிலில் நல்ல பிள்ளை. மழையில் நனைந்தால் பின்னால் வெறும் வெளியாக இருந்தாலும் றிவேர்ஸ் போட்டவுடன் கூவும். அப்படிக் கூவிய ஒரு காலையில் அக்கா பதறி, காலை எங்கோ அழுத்தி, பக்கத்து வீட்டு வேலியில் நட்டிருந்த கதியாலைச் சாய்த்துவிட்டாள்.

அண்ணை வந்தார். வேலியைப் பார்க்கவில்லை. கையை நீட்டினார்.

“சாவியைத் தா பிள்ளை. மாரி முடியுமட்டும் நான் ஓடுறன்.”

“பிறகு தருவியளே?”

“தராமல் எங்கை கொண்டுபோகப்போறன்?”

போன மாரிக்கு அண்ணை இரவல் வாங்கிய என்னுடைய குடை இன்னும் அவர் வீட்டில்தான் இருந்தது. அதை அந்த இடத்தில் ஞாபகப்படுத்தினேன். பிடரியில் ஒன்று விழுந்தது.

அக்கா சாவியை இறுக்கிப் பிடித்தாள். “நாளைக்கு மழையெண்டாலும் சந்தையிலை நானே பின்னுக்கு எடுத்துக் காட்டுறன். எங்கையும் இடிச்சால் அந்த இடத்திலையே சாவியைத் தாறன்.”

அண்ணை சிரித்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“டேய், சாவி போனால் நான் திரும்பவும் குசினி அடுப்போடைதான். நீதான் ஏதாவது செய்யவேணும்.”

என்னை நம்பி யாரும் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர் என்னிடம் கேட்டதெல்லாம், கொஞ்சம் வெளியே போய் நிற்கிறாயா என்றுதான்.

“வயரை வெட்டிவிடட்டே?” என்றேன்.

“விசரே உனக்கு? சந்தையிலை பின்னாலை சின்னப்பிள்ளையள் ஓடித் திரியிறது. அது கத்தத்தான் வேணும். கத்தவேண்டிய நேரத்திலை கத்தினால் காணும்.”

பின்னேரம் தூறலுக்குள் வேலையைத் தொடங்கினோம். அக்கா உள்ளே பிரேக்கை மிதித்து றிவேர்ஸ் போட்டாள். நான் பழைய பல்லு பிறஸ்ஸால் சென்சரில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்தேன். கூவியது. வயர்த் தொடுப்புகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். கூவியது. பின்னால் நான் நின்றால் கூவத்தானே செய்யும் என்பது எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பக்கத்துக்கு விலகி நின்று பார்த்தேன். அப்போதும் கூவியது.

அக்காவின் தலை காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து சென்சருக்குக் காற்றுப் பிடித்தேன்.

“என்ரை தலைக்கு வாங்கினதடா அது!”

“இதுவும் உன்ரை தலை மாதிரித்தான் அக்கா. வெளியிலை வடிவு, உள்ளை ஒண்டுமில்லை.”

காய்ந்தும் கூவியது. கடைசியாகப் பக்கத்திலிருந்து கையை நீட்டி ஒவ்வொரு சென்சரிலும் விரலை வைத்தேன். வேலை செய்கிற சென்சர் விரலில் மெல்லத் துடிக்கும். நாலும் துடித்தன.

பிளேன்ரீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணை கேட்டார், “என்ன டொக்டர், நாடி பிடிக்கிறியோ?”

“ஓம் அண்ணை. நோயாளிக்குச் சுகம். பாக்க வந்த ஆக்களுக்குத்தான் ஏதோ வருத்தம்.”

நாலும் நல்லதென்றால் அவை பொய் சொல்லவில்லை. எதையோ கண்டுதான் கத்துகின்றன. என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பம்பரோடு முதுகைச் சாய்த்துக் குந்தி, சென்சரின் உயரத்துக்குக் கண்ணை வைத்து அது பார்க்கிற பக்கத்தைப் பார்த்தேன்.

என் மூக்குக்கு முன்னால் கறுப்பாக ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. நாவூறுக் குஞ்சம்! ஊர்க் கண் படக்கூடாது என்று பின்கதவில் கட்டிய, கைமொத்தக் கறுப்பு நூல் குஞ்சம். வெயிலில் அது பஞ்சுபோல் கிடந்து, சென்சர் அனுப்புகிற, காதுக்குக் கேட்காத சத்தத்தை விழுங்கிவிடும். மழையில் ஊறினால் ஈரச் சாக்காகக் கனத்து நேரே தொங்கும். சென்சருக்கு அது ஒரு சுவர். தினமும் கண்ணில் பட்ட சாமான்தான், ஒருவரும் பார்க்கவில்லை.

அக்காவை மறுபடி றிவேர்ஸ் போடச் சொன்னேன். கூவியது. பின்தட்டில் ஏறி நின்று, மேலே இருந்து கையை விட்டுக் குஞ்சத்தைத் தூக்கினேன். சத்தம் நின்றது. விட்டேன், கூவியது. தூக்கினேன், நின்றது.

“டேய், என்னடா செய்தனி?” அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன், விட்டேன், தூக்கினேன், விட்டேன். மேளக் கச்சேரி மாதிரி இருந்தது.

“அண்ணை, உது ஆர் கட்டினது?”

அண்ணை கோப்பைக்குள் எதையோ தேடினார். கட்டியது அவர்தான்.

“நாவூறுக்குக் கட்டினதை அவிட்டு எறியக்கூடாது,” என்றார்.

“எறியேல்லை அண்ணை, இடம் மாத்துறன்.” அவிழ்த்து அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டேன். அதுவும் வடிவான சைக்கிள்தானே, கண் படும்.

மறுநாள் மழை ஊற்றியது. சந்தையில் ஒரு லொறிக்கும் மீன் வெட்டுகிற மேசைக்கும் நடுவில் ஒடுங்கிய இடம். அண்ணை எங்களுக்கு முன்னமே வந்து, என் குடையைப் பிடித்தபடி, அந்த இடத்தில் நடுவில் நின்றார்.

“வரட்டும், வரட்டும்... இடப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடி...”

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. சத்தத்தைக் கவனித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு டிக், டிக். பிறகு ஒரே கூவல். பிரேக் போட்டாள்.

அண்ணை துள்ளினார். “பாத்தியளே! திரும்பவும் ஒண்டுமில்லாததுக்குக் கத்துது!”

அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். “ஒண்டுமில்லாததுக்கு இல்லை அண்ணை, உங்களுக்குத்தான் கத்துது. கொஞ்சம் விலகுங்கோ!”

சந்தை சிரித்தது. அண்ணை விலகினார். சத்தம் நின்றது. அக்கா மெல்ல மெல்ல எடுத்து, பின்சுவருக்கு ஒரு முழ இடைவெளி விட்டு நிறுத்தினாள். மீன் வெட்டுகிற பெண் கத்தியை வைத்துவிட்டுக் கை தட்டினார். செதில் பறந்தது.

அக்கா என்ஜினை நிறுத்தி, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அண்ணை கையை நீட்டினார். சாவிக்கில்லை.

“பெட்டியைத் தள்ளு பிள்ளை, நான் பிடிக்கிறன்.”

திரும்பும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் ஈரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. அதையும் பின்தட்டில் ஏற்றினோம். அண்ணை முன்கதவைத் திறந்தார். நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன்.

“அண்ணை, பின்னாலை நிறைய இடம் கிடக்கு.”

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் குடையும் குஞ்சமுமாக அவரை ஏற்றிக்கொண்டு அக்கா ஊர் முழுக்க ஓடி வந்தாள். வீட்டு வாசலில் அவர் இறங்கியதும் என் குடையை வாங்கிக்கொண்டேன்.