மணல்திட்டின் இரு பக்கத் தண்ணீர்

ஐம்பதுகளின் ஒரு மாரியில் கடலோர நீர்நிலையான களப்பு நிரம்பிக் கரையோர வயல்களுக்குள் ஏறிவிட்டது. என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர், அதாவது மச்சான், விதைத்திருந்த இளம்பயிர் முழுவதும் தண்ணீருக்குள் நின்றது. களப்புக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் வடியும். தாமதித்தால் பயிர் அழுகும். பக்கத்து ஊரான பாண்டிருப்பின் மீனவர்களோ வெட்ட வேண்டாம் என்றார்கள். களப்பில் வளரும் இறால் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்பது அவர்களுடைய கவலை. இரு தரப்பையும் கேட்டே முடிவு சொல்வது, வயல்நீருக்குப் பொறுப்பான வட்டை விதானையின் வழக்கம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பட்டதாரி என்பதால் என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார்.

களப்பில் நான் அளவுக்கம்பு ஒன்று நட்டிருந்தேன். நீர்மட்டம் ஏறிக்கொண்டேயிருந்தது. அதை மட்டும் பார்த்தால் அன்றே வெட்டச் சொல்லலாம். மச்சானும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"தடிய நட்டுப்போட்டுப் பாத்துக்கிட்டே இரிங்க மச்சான். வெள்ளாம அழுகினாப் பொறகு அளவு சொல்லுங்க," என்றார் அவர்; நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்போம்.

மீனவர் ஒருவர் குறுக்கிட்டார். "காத்து விழட்டும் மாஸ்டர். இப்ப வெட்டினா உப்புத்தண்ணிதான் உள்ளுக்கு வரும்."

இறாலுக்காகக் கதைக்கிறார் என்று மச்சான் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு ஆதாயம் உண்டு என்பதால் மட்டும் அவர் கூற்று பொய்யாகிவிடாது. மச்சானுக்கும் ஆதாயம் இருந்தது.

ஆகவே நானும் மச்சானும் அந்த மீனவரும் மூவருமாகத் திட்டுக்குப் போனோம். களப்புப் பக்கம் முழங்கால்வரை இறங்கிவிட்டுக் கடற்பக்கம் நடந்தோம். வாடைக்காற்று அலையைத் திட்டின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தது. திட்டின் நடுவே தாழ்வான இடத்தில் தேங்கியிருந்த நீரை மச்சான் அள்ளி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். உப்பு. கடல் ஏற்கெனவே அவ்வளவு தூரம் வந்திருந்தது. கம்பு காட்டியது சரியான அளவே. ஆயினும் அது களப்பின் அளவு மட்டுமே. காற்றையும் அலையையும் நாவின் சுவையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்த இடம் எனக்கு விளங்கியது.

காற்று தணிந்து விழும்வரை பொறுக்கும்படி விதானையிடம் சொன்னேன். அந்த நாட்களில் ராத்தா என்னுடன் அதிகம் கதைக்கவில்லை.

காற்று விழுந்த காலையில் மண்வெட்டிகளுடன் போய் வெட்டினார்கள். வெள்ளம் கடலை நோக்கிப் பாய்ந்தது. தாழ்ந்த வயல்துண்டுகளில் பயிர் அழுகியிருந்தது, மிகுதி நிமிர்ந்தது.

"உங்கட வெள்ளாம தப்பிற்று," என்றார் மீனவர், கோபமின்றி. "எங்கட இறால்தான் போகுது."

மச்சான் ஓடும் நீரைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த மாரியில் களப்பு ஏறத் தொடங்கியதும் மச்சான் என்னிடம் வரவில்லை. நேரே பாண்டிருப்புக்குப் போனார், இறால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்பதற்கு.